ரெட்டை வண்டி எதுக்கு

ஜூன் 9, திங்கள்

காலையில் பால்காரர் கேட்டார். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு அக்கா கேட்டாள். மத்தியானம் சாப்பிட வந்த என் வீட்டுக்காரரும் கேட்டுவிட்டார். "ரெட்டை வண்டி எதுக்கு?"

நான் பெற்றது இரண்டு. வண்டியில் இருக்கை இரண்டு. இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இத்தனை வருஷம் விசில் ஊதியிருக்கிறேன். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பதில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூடச் சந்தேகம் வந்து நான் பார்த்ததில்லை.

ஆபரேஷன் பண்ணிய வயிறு. ஒருத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டு இன்னொருத்தியை எடுக்கக் குனிந்தால் தையல் இழுக்கிறது. ஆஸ்பத்திரிக்கு எடை பார்க்கப் போக, வாசலில் வெயில் காட்ட, எல்லாவற்றுக்கும் இன்னொரு ஆளின் கை வேண்டியிருக்கிறது. அடுத்தவர் கைக்குக் காத்திருப்பது என் பிறவிக்கே ஒத்துவராது. வண்டி வந்துவிட்டால் இரண்டையும் போட்டுத் தள்ளிக்கொண்டு நான் பாட்டுக்குப் போய்விடுவேன்.

இரண்டும் பெண். பெயர்ச் சண்டை இன்னும் தீராததால் இப்போதைக்குப் பெரியவள், சின்னவள். ஐந்து நிமிஷம் முந்தி வந்ததற்கு ஒருத்திக்கு இந்தப் பட்டம்.

கூடமாட இருக்க அப்பா வந்திருக்கிறார். அம்மா போய் ரொம்ப நாளாகிறது. அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன் இப்போது பீத்துணி அலசுகிறார், பால் புட்டி வேகவைக்கிறார். "ஆம்பள பிள்ளைப்பேறு பாக்கானாம்" என்று தெரு சிரித்ததாம். "சிரிக்கட்டும், டிக்கெட் இல்லாத கூட்டம்" என்றார்.

வீட்டுக்காரர் சொன்னது இது: "வீடு இருக்க இருப்புல அத எங்கன நிறுத்த? ஒத்த வண்டி போதும்லா, செண்பா."

"அப்ப இன்னொருத்திய தலையில வச்சிட்டுப் போவவா?"

கை கழுவப் போய்விட்டார். கோமதிநாயகம் மின்வாரியத்தில் இன்ஜினியர். பேச்சு முற்றுகிற நேரத்தில் கை கழுவப் போவதைத் தனியாகப் படித்தவர்.

ஜூன் 11, புதன்

பகவதி மைனி வந்திருந்தார். என் வீட்டுக்காரருடைய அக்கா. மாமியார் இறந்தபோது இவர் மூன்றாம் வகுப்பு. மைனி படிப்பை நிறுத்திவிட்டு இவரைத் தூக்கி வளர்த்தார். கல்யாணம் தள்ளிப் போனது, பிள்ளை இல்லை, போன வருஷம் அவர் வீட்டுக்காரர் அண்ணாச்சியும் போய்விட்டார். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். மைனி ஒரு சொல் சொன்னால் என் வீட்டுக்காரருக்கு அது அரசாங்க உத்தரவு.

மைனியும் ஆரம்பித்தார். "ரெட்டை வண்டியில வச்சு ரோட்டுல ஊர்வலம் விட்டா கண்ணு படாதா? ஒத்த வண்டி நானே வாங்கித் தாரேன். ஒருத்திக்கு வண்டி. இன்னொருத்திக்கு என் இடுப்பு இருக்கு."

"உங்க இடுப்பு உங்க வீட்டுல இருக்கு மைனி. எனக்கு இங்கலா வேணும்" என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன்.

வந்ததிலிருந்து போகும்வரை சின்னவளைக் கீழே விடவில்லை. கோழிக்குஞ்சுப் படம் போட்ட மஞ்சள் சட்டை ஒன்று கொண்டு வந்து அவளுக்குப் போட்டுவிட்டார். கடையில் ஒன்றுதான் இருந்திருக்கும்.

ஜூன் 12, வியாழன்

இரண்டும் காலையிலிருந்து அழுதன. ஒருத்தி நிறுத்தினால் மற்றவள் எடுத்தாள். நானும் அழுதேன். அப்பா மருந்துக்கடைக்குப் போயிருந்தார், மைனிதான் இருந்தார். ஏதோ சொன்னேன். பிறகு தூங்கிவிட்டேன்.

ஜூன் 14, சனி

வண்டி பார்க்கப் போனோம், நானும் அப்பாவும். பெரியவள், சின்னவள் இருவரும் எதிர்வீட்டு அக்காவிடம். நாற்பது நாள் கழியாமல் வாசல் தாண்டக் கூடாதாம். தாண்டினேன். வாசல் அப்படியே இருந்தது.

வண்ணாரப்பேட்டைக் கடையில் "தள்ளுவண்டி" என்று கேட்டுத் தொலைத்தேன். "அது கடலை விக்கது, மேடம். இது ஸ்ட்ரோலர்" என்றாள் கடைக்காரம்மா. சரி, ஸ்ட்ரோலர். ரெட்டைக்கு இரண்டு மாடல் வைத்திருந்தாள். ஒன்று முன்னும் பின்னுமாக உட்காரும் வண்டி. ஒல்லியாக, சந்துக்குள்ளும் நுழையும். மற்றது பக்கத்தில் பக்கத்தில் உட்காருவது. அகலம்.

அப்பாவுக்கு முதல் வண்டி பிடித்துவிட்டது. குனிந்து சக்கரத்தைத் தட்டினார், பிரேக்கை மிதித்தார், கடைக்குள் ஒரு ரவுண்டு ஓட்டினார். "பஸ்ஸு மாதிரிலா இருக்கு, வளைவுல அருமையா ஒடியுது" என்றார். ஒடித்த வேகத்தில் பொம்மை அடுக்கில் போய் இடித்தார். அரசாங்கம் இவரை ஓய்வில் அனுப்பியது சரிதான் என்றேன்.

எனக்குப் பிடிக்கவில்லை. அதில் முன்னால் இருப்பவளுக்கு ரோடு தெரியும். பின்னால் இருப்பவளுக்கு முன்னால் இருப்பவளின் முதுகுதான் தெரியும். இப்போதே இந்த வீட்டில் பெரியவள், சின்னவள் என்று ஆகிவிட்டது. வண்டியிலுமா? தவிர, பச்சைப் பிள்ளை மல்லாந்து படுக்கிற மாதிரி இருக்கை முழுசாகச் சாய வேண்டும். அந்த வண்டியில் பின் இருக்கை மட்டும்தான் சாய்ந்தது.

"பக்கத்துல பக்கத்துல உள்ளதே எடுங்க" என்றேன்.

"அது ஸ்டாக் இல்ல மேடம். டிஸ்ப்ளேக்கு வச்சிருக்கது. வரவழைக்க பத்து நாளாவும். இல்லைன்னா ஒத்த வண்டி ரெண்டா எடுத்துக்கிடுங்களேன்."

"எனக்குக் கை எத்தனைன்னு பாத்தீங்களா?"

முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். நீல நிறம். கதவு அகலத்தை அப்பா வரும்போதே சாணில் அளந்து வைத்திருந்தார். ஒரு விரல் இடம் மிச்சம் இருக்கும் என்கிறார்.

ஜூன் 18, புதன்

வண்டியை ஆறு மாதம் கழித்து வாங்கலாமாம், வீட்டுக்காரர் சொல்கிறார்.

"இப்ப என்னத்துக்கு அவசரம்? எப்படியும்..." என்று ஆரம்பித்தார்.

"எப்படியும்?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுங்க. எப்படியும் என்ன?"

"எப்படியும் வளந்துருவாங்கல்லா." கை கழுவப் போய்விட்டார். சாப்பிடவேயில்லை, எதைக் கழுவினாரோ.

அவருக்கு வேலையில் என்னமோ இடைஞ்சல் போல. முகமே சரியில்லை.

ஜூன் 20, வெள்ளி

மைனி ஜாதகம் எழுதி வாங்கி வந்தார். இரண்டு பேரும் அவிட்டம். அப்பா உடனே, "பொண்ணு அவிட்டம், தவிட்டுப் பானையெல்லாம் பணம்னு சொல்லுவாங்க" என்று சந்தோஷப்பட்டார். மைனி உதட்டைப் பிதுக்கினார். ஒரே வீட்டில் ஒரே நட்சத்திரம் இரண்டு ஆகாதாம். இளையதைத் தவிட்டுக்குக் கொடுத்து வாங்க வேண்டுமாம்.

எங்கள் பக்கத்தில் தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்று கேலி கேட்காமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. அப்பா என்னை மானூரில் ஒரு நாழித் தவிட்டுக்கு வாங்கியதாகச் சொல்லி அழவைப்பார். கேலிக்குப் பின்னால் வழக்கமும் உண்டு. தோஷம் என்று பயந்தால் பிள்ளையை முறத்தில் போட்டு, சொந்தத்தில் ஒருத்தர் தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வாசல் தாண்டிப் போவார். தெருமுனை வரை போய்விட்டு வருவார். தாய்க்காரி கொஞ்சம் கூடுதலாகத் தவிட்டைக் கொடுத்துத் திருப்பி வாங்குவாள். சாமிக்கு நாம் செய்யும் ஒரு கண்துடைப்பு.

"அரை மணி நேர வேலை, செண்பகம். நான் வாங்கிக்கிடுதேன். வேற யாரு இருக்கா?" என்றார் மைனி.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் கேட்டது நகையில்லை, நட்டில்லை. தவிடு. சரி என்றேன். பாவம், தனியாக இருக்கிற மனுஷி, கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருக்கட்டும்.

இதையெல்லாம் பேசும்போது என் வீட்டுக்காரர் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறைந்த தொட்டியை அவ்வளவு நேரம் பார்க்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

செய்தாயிற்று.

சின்னவளை முறத்தில் போட்டேன். நாழி நிறையத் தவிட்டை மைனி என் முந்தானையில் கொட்டினார். "கொடுத்தேன்னு சொல்லு" என்றார். "கொடுத்தேன்" என்றேன். மஞ்சள் சட்டையோடு எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் தாண்டினார். நான் திருப்பிக் கொடுக்கிற தவிட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

தெருமுனையில் கார் நின்றிருந்தது. வாடகைக் கார். மைனி அதில் ஏறினார்.

அப்பாதான் ஓடினார். திரும்பி வந்து, "மூணு நாள் வச்சிருந்துட்டுத் தாரேன்னு சொல்லுதா. ஜோசியர் அப்படித்தான் சொன்னாராம்" என்றார்.

"என்கிட்ட அரை மணி நேரம்னாங்களே?"

இவர் சொன்னார், "மூணு நாள்தான, செண்பா. நீயும் கொஞ்சம் தூங்கலாம்லா."

மூன்று நாள்தானே. புட்டிப் பால் பழக்கம் இருக்கிறது. மைனிக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாதா, இவரையே வளர்த்தவர்தானே. வீடு அமைதியாக இருக்கிறது. பெரியவள்கூட அழவில்லை. நான் தூங்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

கடைக்காரம்மா போன் பண்ணினாள். "மேடம், ரெட்டை வண்டி வேண்டாம், ஒத்தையா மாத்திருங்கன்னு சார் சொன்னாங்க. வண்டி ஏற்கெனவே மதுரையில இருந்து கிளம்பிருச்சு. என்ன செய்ய?"

"எந்த சார்?"

"உங்க சார்தான் மேடம். போன வாரமே சொன்னாங்க."

"மாத்தாதீங்க" என்றேன்.

சாயந்திரம் இவர் செருப்பைக் கழற்றுமுன் கேட்டேன். கை கழுவப் போகிற வழியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அப்புறம் சொன்னார். ஸ்கேனில் இரண்டு என்று தெரிந்த அன்றைக்கே மைனி கேட்டாராம். இவர் வாக்குக் கொடுத்துவிட்டாராம். என் வயிற்றில் இருந்ததை, என்னிடம் சொல்லாமல், காய்கறிக்காரர் கொசுறு போடுகிற மாதிரிப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"அக்கா எனக்காகப் பள்ளிக்கூடத்த விட்டவ, செண்பா. அவ கேட்டு நான் இல்லைன்னு சொன்னதே இல்ல. ரயில்வே கேட்டுக்கு அங்கனதான இருக்கப் போறா, தெனமும் பாக்கலாம். நீயும் சரின்னு சொன்னியாம்லா, அக்கா சொன்னா."

நான் அப்படி எதுவும் சொல்லவில்லை.

அவரைச் சவமே என்று திட்டினேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் திட்டியதில்லை. கேட்டுக்கொண்டு நின்றார்.

ஜூன் 24, செவ்வாய்

அப்பா பால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். "நல்லாத்தாம்மா வச்சிருக்கா. தேக்குல தொட்டில் செஞ்சு போட்டுருக்கு. பேருகூட வச்சிட்டா, நாச்சியார்னு கூப்பிடுதா" என்றார். கொஞ்சம் தயங்கி, "உனக்கும் ஒண்ணுன்னா உடம்பு தேறுமோன்னு..." என்று இழுத்தார்.

"எனக்கும் ஒரு அண்ணன் இருக்கானேப்பா. அவனையும் யாருக்காவது கொடுத்திருந்தா உங்களுக்கும் உடம்பு தேறியிருக்கும்."

அதற்குப் பிறகு அப்பா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தேக்குத் தொட்டில் மூன்று நாளில் செய்கிற சாமானா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

ஜூன் 25, புதன்

மூன்றாம் நாள். மைனிக்குப் போன் போட்டேன். இன்று சூலம் அந்தப் பக்கமாம். நாளைக்குக் கரிநாளாம். நாளைக்கு மறுநாள் வெள்ளி, பெண்பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்பக் கூடாதாம், லட்சுமி போய்விடுவாளாம். சனி ஆகாதாம். ஞாயிறு அவருக்கே ஆகாதாம்.

பஞ்சாங்கத்தில் நல்ல நாளே இல்லாத மாதத்தில்தான் நான் பெற்றிருக்கிறேன்.

இவர், "நான் பேசுதேன், ஒரு ரெண்டு நாள் பொறு" என்கிறார். பொறுத்துப் பழகியவர். நான் பழகவில்லை.

ஜூன் 27, வெள்ளி

காலையில் வண்டி வந்தது.

அப்பா பெட்டியைப் பிரித்து மாட்டினார். படம் போட்ட தாளைப் பார்க்காமல் மாட்டி, கழற்றி, பார்த்து மாட்டினார். நீலம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை. பெரியவளை இடது பக்கம் படுக்கவைத்தேன். பெல்ட் போட்டேன். வலது பக்கம் காலி. அதைப் பார்த்ததும் நான் தீர்மானித்துவிட்டேன்.

"நானும் வாரேன்" என்றார் அப்பா.

"வேண்டாம்ப்பா. ரெண்டு பேரு போனா சண்டைக்குப் போறாங்கன்னு சொல்லுவாங்க. ஒருத்தி போனா பிள்ளையக் கூப்பிடப் போறான்னு சொல்லுவாங்க."

தெருவுக்கு வெளியே மாட்டுத்தீவனக் கடை. பத்து கிலோ தவிடு போடச் சொன்னேன்.

"மாடு வாங்கியிருக்கீங்களா டீச்சர்?"

"இல்ல. பிள்ளை வாங்கப் போறேன்" என்றேன்.

அவர் மூட்டையைக் கொண்டுவந்து வலது இருக்கையில் வைத்தார். பெல்ட்டை அதற்கும் போட்டேன். கிளம்பினேன். தையல் ஒவ்வொரு எட்டுக்கும் பேசிற்று. பேசட்டும் என்று விட்டுவிட்டேன். மாவட்டப் போட்டியில் கால் பிசகியும் ஓடியவள் நான்.

ரெட்டை வண்டி போனால் ஊரே எட்டிப் பார்க்கும் என்பது எனக்குத் தெரியும். மைனி பயந்ததும் அதற்குத்தான். மளிகைக் கடையில் கேட்டார்கள், தையல் கடையில் கேட்டார்கள். "இன்னொரு பிள்ளை எங்க டீச்சர்?" எல்லோருக்கும் ஒரே பதில், மைதானத்துக் குரலில் சொன்னேன். "எங்க மைனி வீட்டுல இருக்கா. கூப்பிடப் போறேன்."

ரயில்வே கேட் மூடியிருந்தது. நல்ல கூட்டம். ஆட்டோக்காரர் ஒருவர் தலையை வெளியே நீட்டி, "ரெட்டைன்னாங்க. ஒண்ணு தவிடாலா இருக்கு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"தவிட்டுக்குக் கொடுத்தேன். திருப்பி வாங்கப் போறேன்."

கீரைக்கட்டோடு நின்ற அம்மாள் ஒருத்தி சிரிக்கவில்லை. "எப்பக் கொடுத்த?"

"ஞாயித்துக்கிழமை."

"அன்னைக்கே வாங்கிரணும்லா. அது என்ன வழக்கம், இத்தனை நாளு வைக்கது?"

"அதத்தான் கேக்கப் போறேன்" என்றேன். ரயில் போனது. கேட் திறந்ததும் முதலில் என் வண்டியை விட்டார்கள். அந்த அம்மாள் அவள் வழியை விட்டுவிட்டு என் பின்னால் வந்தாள். இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள் என்று நினைக்கிறேன்.

மைனி வீட்டு வாசலில் பிரேக்கை மிதித்துவிட்டு, "மைனி" என்று ஒரு சத்தம் கொடுத்தேன். சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் மையால் பெரிய திருஷ்டிப் பொட்டு. நன்றாகத்தான் வைத்திருந்தார். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

"பச்ச உடம்போட ரோட்டுல வந்து நிக்கியே, கூறு இருக்கா உனக்கு?"

"இருந்துச்சு மைனி. ஞாயித்துக்கிழமை ஒரு நாழித் தவிட்டுக்குக் கொடுத்துட்டேன்."

"உள்ள வா. வாசல்ல வச்சு என்ன பேச்சு."

"தவிட்டு வியாபாரம் வாசல்லதான். இந்தா இருக்கு பத்து கிலோ. பிள்ளையத் தாங்க."

"இன்னைக்கு வெள்ளி. பொம்பளப் பிள்ளைய வீட்ட விட்டு அனுப்பலாமா?"

"எங்க வீட்டு லட்சுமி வெள்ளிக்கிழமை வெளிய தங்கலாமா மைனி? அதான் கூப்பிட வந்தேன்."

பக்கத்து வீட்டுக் கதவெல்லாம் திறந்துவிட்டது. மைனியின் முகம் மாறிற்று. படிக்கட்டில் ஒரு படி இறங்கி வந்தார்.

"நீதான சொன்ன? ரெண்டும் அழுத அன்னைக்கு. 'என்னால முடியல, ஒண்ண யாராவது கொண்டுபோயிருங்க'ன்னு என் கையப் பிடிச்சிக்கிட்டுச் சொன்னியா இல்லியா? இத்தனை பேரு நிக்காங்க. இல்லைன்னு சொல்லு பாப்போம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கீரைக்கார அம்மாளும் பார்த்தாள்.

"சொன்னேன்" என்றேன். "நாளைக்கும் சொல்லுவேன். ரெண்டையும் ஒண்ணா வச்சிக்கிட்டு முழிக்கவ ஒரு நாளைக்குப் பத்து தடவ சொல்லுவா. சொல்லதுக்கு எனக்கு உரிமை இருக்கு மைனி. அதக் கேட்டுட்டுத் தூக்கிட்டுப் போறதுக்கு உங்களுக்குக் கிடையாது."

"உனக்கு ரெண்டு இருக்கு. நான் ஒத்தைக்கு இந்த வீட்டுல என்ன செய்ய?" குரல் உடைந்துவிட்டது. மைனி அழுது நான் பார்த்தது அண்ணாச்சி போன அன்றைக்குத்தான். ஆனாலும் விடவில்லை.

"ரெண்டு இருக்குன்னா ஒண்ணு மிச்சம்னு அர்த்தமில்ல. நீங்க அத்தையா வாங்க. தெனமும் வாங்க, எண்ணெய் தேய்ங்க, தாலாட்டுங்க, அடிக்கவும் செய்ங்க. அம்மாவா வராதீங்க."

அப்போதுதான் இவர் பைக் வந்து நின்றது. அப்பா போன் பண்ணியிருக்கிறார். மைனி தம்பியைப் பார்த்தார். "ஏல நாயகம், நீ எனக்கு வாக்குக் கொடுத்தியா இல்லியா? அவகிட்ட சொல்லு."

அங்கே கை கழுவக் குழாய் எதுவும் இல்லை.

"கொடுத்தேன்க்கா" என்றார். "அவகிட்ட கேக்காமக் கொடுத்தேன். கொடுக்கதுக்கு அது என் பொருளில்ல."

பிறகு வண்டியிடம் வந்து குனிந்தார். பெல்ட் எப்படிக் கழற்றுவது என்று தெரியாமல் தடவினார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கடைசியில் கழற்றிவிட்டார். தவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் அக்காவின் காலடியில், படிக்கட்டில், வைத்தார். திரும்பி இரண்டு கையையும் நீட்டினார்.

மைனி ரொம்ப நேரம் நின்றார். பிள்ளையின் கழுத்துக்குக் கை கொடுத்து, பதனமாக, அவர் கையில் வைத்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சின்னவளை வலது பக்கம் படுக்கவைத்தேன். இத்தனை கூத்துக்கும் அவள் கண் திறக்கவில்லை. "நான் தள்ளுதேன்" என்றார் இவர். "வேண்டாம், நீங்க பைக்க எடுத்துட்டு வாங்க" என்றேன். வீடு வரை நானே தள்ளினேன். அவர் பைக்கை உருட்டிக்கொண்டே பின்னால் நடந்து வந்தார்.

ஜூன் 28, சனி

உடம்பு முழுக்க வலி. டாக்டரம்மா வண்டி வண்டியாகத் திட்டினாள். தையல் பிரியவில்லை.

"இன்னும் எத்தனை நாளு பேசாம இருப்ப?" என்று இவர் கேட்டார். தெரியாது என்றேன். தெரிந்தால் சொல்கிறேன் என்றேன். இரண்டையும் குளிப்பாட்டச் சொன்னேன். முதுகில் சோப்பை விட்டுவிட்டுக் குளிப்பாட்டினார். மறுபடி குளிப்பாட்டச் சொன்னேன்.

பெயர் விஷயம். சின்னவளுக்கு நாச்சியார் என்றே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அப்பா ஆச்சரியப்பட்டார். நல்ல பெயர், அதன் மேல் எனக்கென்ன கோபம்? பெயர் வைப்பது அத்தை உரிமை. பெரியவளுக்கும் அவர்தான் வைக்க வேண்டும். வராவிட்டால் அவள் பெரியவளாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூன் 30, திங்கள்

மைனி வரவில்லை. நேற்றும் வரவில்லை. இவர் போய்க் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

இரண்டு பேரையும் வண்டியில் போட்டு நானே ஆஸ்பத்திரிக்குப் போய் எடை பார்த்துவிட்டு வந்தேன். யாருடைய கையும் தேவைப்படவில்லை. வழியில் அழுதார்கள். மறுபடியும் சொன்னேன், யாராவது கொண்டுபோங்க என்று, சத்தமாகவே. டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

சாயந்திரம் போன் வந்தது. மைனி. எடுத்தேன். "அந்தத் தவிட்ட என்ன செய்ய?" என்று கேட்டார்.

"மாட்டுக்கு வைங்க."

"பக்கத்து வீட்டு மாட்டுக்கு வச்சாச்சு."

"சரி மைனி."

கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் வீட்டுக் கூடத்து விசிறி, பழையது. "பிள்ள பால் குடிச்சாளா?" என்றார்.

"எந்தப் பிள்ள மைனி?"

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கட்டும் என்றுதான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ரெண்டு பேருந்தான்" என்றார்.

"குடிச்சிட்டாங்க மைனி. ரெண்டு பேரும் குடிச்சிட்டாங்க" என்றேன்.